மஞ்சள் காருக்கு என்ன விலை

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய ஏதோ ஒரு வருடத்தில், நெய்க்காரப்பட்டித் தென்னந்தோப்புக்காரர் ஒருவரிடம் பழைய மஞ்சள் கார் ஒன்றைப் பேசி முடித்தேன். கடன் கிடைத்தால் மீதியைத் தருகிறேன் என்று முன்பணம் கொடுத்துவிட்டு, காரைத் திண்டுக்கல்லுக்கு ஓட்டி வந்தேன்.

அது கம்பெனி ஒரே ஒரு முறை, கொஞ்சமாக விட்ட ஸ்பெஷல் எடிஷன். பானெட்டில் இரண்டு கறுப்புக் கோடு, அலாய் வீல், டேஷ்போர்டில் வரிசை எண் பொறித்த சின்னத் தகடு. எங்கள் எண் எழுபத்திரண்டு. நான் கணக்கு வாத்தியார். மறுநாளே அந்த எண்ணை வகுப்பில் பகாக் காரணிகளாகப் பிரிக்கச் சொன்னேன்.

மனைவி மட்டும் மசியவில்லை. "ஆட்டோ மாதிரில்ல இருக்கு" என்றாள்.

கடன் கேட்ட ஃபைனான்ஸ் கம்பெனி, காரை மதிப்பிட ஒருவரை வீட்டுக்கு அனுப்பியது. ஐம்பது வயதிருக்கும். காரைச் சுற்றி வந்துவிட்டு ஆர்.சி. புக்கைக் கேட்டு வாங்கிப் புரட்டினார்.

"ஸ்பெஷல்னு இதுல ஒண்ணுமே போடலையே சார். சாதா மாடல்னுதான இருக்கு."

"டேஷ்போர்டுல நம்பர் இருக்குல்ல?"

"தகட்ட வச்சு நான் என்ன செய்ய? நாளைக்கு நீங்க தவணை கட்டலைன்னா இத நாங்க விக்கணும். வெள்ளை வண்டின்னா காலையில கொண்டு போயி மத்தியானம் வித்துருவேன். மஞ்சளுக்கு இம்புட்டு ஆசப்படுற ஆள எங்க போயித் தேட?"

"அதத்தான் நானும் சொன்னேன்" என்று உள்ளேயிருந்து மனைவியின் குரல் வந்தது.

நிறத்துக்காகக் கொஞ்சம் குறைத்தார். அந்த வீலுக்கு டயர் கிடைப்பது கஷ்டம் என்று இன்னும் கொஞ்சம் குறைத்தார். நான் எதற்கெல்லாம் ஆசைப்பட்டேனோ, அதெல்லாம் அவர் தாளில் குறைகளாகிவிட்டன. சாதா வெள்ளைக் காரைவிடக் குறைவான மதிப்பு. துண்டு விழுந்ததை வைப்பு நிதியிலிருந்து எடுத்துக் கட்டினேன்.

அடுத்து இன்ஷூரன்ஸ். அந்த அலுவலகத்து அம்மா ஒரு பட்டியலைப் புரட்டினார். "கம்பெனி போட்ட விலை, வண்டியோட வயசு. எங்களுக்கு அம்புட்டுதான் சார்."

"மஞ்சள்னு குறைப்பீங்களா?"

"எல்லாக் கலரும் ஒண்ணுதான்."

அவரைக் கும்பிடத் தோன்றியது. அலாய் வீலுக்கும் பாட்டுப் பெட்டிக்கும் பில் கொண்டுவந்தால், கொஞ்சம் பிரீமியம் கூட்டி அவற்றையும் சேர்த்துக்கொள்ளலாம் என்றார். உடனே தோப்புக்காரருக்குப் போன் செய்தேன்.

"பில்லுங்களா? ஏனுங்க, அதெல்லாம் கம்பெனியிலயே மாட்டி வந்ததுங்க. தனியா பில்லு எங்கீங்க இருக்கும்?"

கடையில் வாங்கி மாட்டியிருந்தால் மதிப்பு உண்டு. கம்பெனியே பார்த்துப் பார்த்துப் பூட்டியதால் இல்லை. எனக்குத் தெரிந்த எந்தக் கணக்கிலும் இது அடங்கவில்லை. ஆனாலும் பட்டியல் விலைக்கே பாலிசி எடுத்தேன்.

அந்த வருடம் மனைவி கார் ஓட்டப் பழகினாள். சின்னாளப்பட்டியில் அவளுக்குப் பள்ளிக்கூட வேலை. முதலில் பஸ் தவறிய நாட்களில் மட்டும் எடுத்துப் போனாள். பிறகு பஸ் தினமும் தவறியது. நான் சைக்கிளுக்குத் திரும்பினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பூசை முடிந்து வந்தபோது வாசலில் அதே மதிப்பீட்டாளர் நின்றிருந்தார்.

"ஆபீஸ் வேலையா வரல சார். என் மருமகன் கோயமுத்தூர்ல இதே வண்டியத் தேடித் திரியிறாரு. குடுக்கிற மாதிரி இருந்தா..." என்று ஒரு தொகை சொன்னார். நான் வாங்கிய விலையைவிட நன்றாகவே அதிகம்.

"அன்னைக்கு நீங்க எழுதுனது?"

"அது ஃபைனான்ஸுக்குச் சொன்ன விலை. இது ஆசப்பட்டவன் குடுக்கிற விலை" என்றார், கொஞ்சமும் கூச்சப்படாமல்.

எனக்குச் சபலம் தட்டியது. வாய் திறப்பதற்குள் மனைவி முந்திக்கொண்டாள். "விக்கிறதுக்கில்லண்ணே. காபி குடிச்சிட்டுப் போங்க."

காபி குடித்தவர், கிளம்பும்போது காரை ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்க்கட்டுமா என்று தயங்கிக் கேட்டார். அவள் சாவியைத் தரவில்லை. பஸ் ஸ்டாண்டில் கொண்டுவந்து விடுகிறேன் என்று தானே ஸ்டியரிங்கில் உட்கார்ந்தாள். அவர் முன் சீட்டில் ஏறிக்கொண்டு, அந்தச் சின்னத் தகட்டை வழிநெடுக விரலால் தடவிக்கொண்டே வந்தார். நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன்.