‘ஹொலிடே’ என்று சொல்லிவிட்டேன்

போன கிழமை இந்தப் பத்தியை ஏன் எழுதவில்லை என்று கேட்டவர்களுக்கு — நான் பாரிசுக்குப் போயிருந்தேன். ரயிலில். கடலுக்குக் கீழே!

ஊர் சுற்ற இல்லை. அங்கே இருந்த என் அண்ணை செத்துப்போனார். மாரடைப்பு. அன்றைக்குப் பின்னேரமே எரிக்கப் போகிறார்கள், அதற்குள் முகத்தைப் பார்த்துவிட வேண்டும். வேறொன்றும் எனக்குத் தேவையில்லை.

"பிளேனில போவம், சுறுக்கா போயிடலாம்" என்றார் வசந்தி மச்சாள். லண்டனில் நோர்பரிப் பக்கம் இருக்கிற மாமாவின் மகள். பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் — அவருக்கு என்ன பயம்?

"ஏலாது மச்சாள். ஏர்போர்ட் பக்கமே நான் வரமாட்டன்."

காசு வாங்கிக் களவாய் ஆள் அனுப்புகிற ஏஜென்ட் என்னை லண்டனுக்கு அனுப்பியது பிளேனில்தான். இறங்கின இடத்தில் ஓர் அறைக்குள் வைத்துக் கேட்ட கேள்விகள்... இன்னும் கனவில் வரும். ரயில் என்றால் லண்டன் வாட்டர்லூ ஸ்டேசனில் ஏறிப் பாரிசில் இறங்குவதுதானே?

யார் சொன்னது? சுரங்கத்துக்குள் போனதும் யன்னல் எல்லாம் கறுப்பு. காது அடைத்தது. தலைக்கு மேலே முழுக் கடல்! மச்சாளின் கையை இறுக்கிப் பிடித்தேன்.

"விடடி, எலும்பு முறியப்போகுது. தண்ணி வந்தா எனக்கும்தானே வரும்?"

செத்த வீட்டுக்குப் போகிற வழியில் இரண்டு பேரும் சிரித்தோம். உடனே எனக்கு அழுகை வந்தது.

பாரிசில் இறங்கினால் — அங்கேயும் வரிசை, கண்ணாடிக் கூண்டு, யூனிபோர்ம்! என் கையில் அகதிகளுக்குக் கொடுக்கிற ட்ராவல் டொக்கியுமென்ட். அதில் உண்மையான விசா. ஆனாலும் அதை இரண்டு தரம் திறந்து பார்த்துக்கொண்டேன்.

எதற்காக வந்தாய் என்று கூண்டுக்குள் இருந்தவன் இங்கிலீசில் கேட்டான்.

ஏஜென்ட் அன்றைக்குத் திருப்பித் திருப்பிச் சொல்லித் தந்த பதில் தானாக வந்தது. பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டு, "ஹொலிடே!"

அழுது வீங்கின முகத்தோடு ஹொலிடேயா? எந்த ஹோட்டல் என்றான். என்னென்ன பார்க்கப் போகிறாய் என்றான். நான் இன்னும் பல்லைக் காட்டிக்கொண்டே நின்றேன். ஓரமாக நில் என்று கையைக் காட்டினான். ஐயோ, அதற்குள் அண்ணையின் பெட்டியை மூடிவிடுவார்களே…

அடுத்த கூண்டால் வெளியே போயிருந்த மச்சாள் திரும்பி ஓடிவந்தார். "பிரதர் டெட்! ஃபியூனரல்!" என்று கத்தினார். அவன் என் முகத்தை ஒருதரம் வடிவாகப் பார்த்தான். முத்திரை குத்தினான்.

"விசரே உனக்கு? செத்த வீடெண்டு சொல்ல வேண்டியதுதானே?"

"உண்மையைச் சொன்னா உள்ளுக்கு விடுவாங்களெண்டு எனக்கு ஆர் மச்சாள் சொல்லித் தந்தது?"

மச்சாள் என் பையையும் வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பெட்டி திறந்தே இருந்தது. அண்ணையின் முகத்தைப் பார்த்தேன். கன்னத்தைத் தொட்டேன். கத்தி அழுதேன். அழுதபடியே, திரும்பிப் போகும்போது லண்டனில் சொல்ல வேண்டிய பதிலையும் மனதுக்குள் பாடமாக்கிக்கொண்டிருந்தேன்.

உண்மையைக்கூடப் பாடமாக்கித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது, எங்களுக்கு!