மாடிக்குப் போனால் அவுட்

எங்கள் வீட்டுக்கு இரண்டு வெள்ளைக்கார மாப்பிள்ளைகள். ராயபுரத்தில் இதைச் சொன்னால் யாரும் சட்டென்று நம்ப மாட்டார்கள். அப்பாவின் தங்கைகள் இரண்டு பேரும் நர்சு படித்தவர்கள். பெரிய அத்தை ஆஸ்திரேலியாவுக்கு வேலைக்குப் போய் அங்கேயே ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டாள். சின்ன அத்தை அமெரிக்கா போய், அக்கா செய்ததையே தானும் செய்தாள். துறைமுகத்தில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்த அப்பா, "கப்பலாண்ட வேல செய்றது நானு, ஊர் ஊரா போறது இவுளுங்க" என்று பெருமையாக அலுத்துக்கொள்வார்.

எனக்குப் பதினோரு வயதானபோது, கிறிஸ்துமஸுக்கு இரண்டு ஜோடியும் ஒன்றாக வந்து இறங்கின. இரண்டு மாமாக்களும் சிவப்பு, இரண்டு பேரும் அரைக்கால் சட்டை, இரண்டு பேரும் இங்கிலீஷ். ஆகவே கூடப்பிறந்தவர்கள் மாதிரி இருப்பார்கள் என்று நான் நினைத்திருந்தேன். மறுநாள் காலையிலேயே அந்த நினைப்பு போய்விட்டது.

ஆளுக்கொரு பாட்டில் கொண்டுவந்திருந்தார்கள். ஆஸ்திரேலியா மாமாவின் பாட்டிலில் தார் போல ஏதோ கறுப்பாக இருந்தது. அதை ரொட்டியில் பட்டும் படாமலும் தடவிக் கண்ணை மூடிக்கொண்டு தின்றார். அமெரிக்கா மாமாவின் பாட்டிலில் வேர்க்கடலை விழுது. அதை விரல் மொத்தத்துக்கு அப்பி, மேலே ஜாமும் ஊற்றினார். ஒருவர் தட்டை இன்னொருவர் பார்த்த பார்வையைப் பார்க்கவேண்டுமே! அம்மா கறுப்பை நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துவிட்டு என் காதில் சொன்னாள்: "கருவாட்டுக் கொழம்பு அடிப்புடிச்சா மாரி கீது. இத்தயா காலீல துன்றாரு மனுசன்?"

சாப்பாட்டுச் சண்டை அடங்கியதும் விளையாட்டுச் சண்டை ஆரம்பித்தது. அத்தைகள் சிரித்துச் சிரித்து எங்களுக்கு மொழிபெயர்த்தார்கள். அமெரிக்காவில் பேஸ்பால் ஆடும்போது பந்தைப் பிடிக்க முறம் அகலத்துக்குத் தோல் உறை மாட்டிக்கொள்வார்களாம். வெறும் கையால் பிடிக்கத் தெரியாதவர்கள் என்று ஆஸ்திரேலியா மாமா கிண்டல் செய்தார். அஞ்சு நாள் ஆடி, நடுநடுவே சாப்பாட்டுக்கும் டீக்கும் எழுந்துபோய், கடைசியில் யாருமே ஜெயிக்கவில்லை என்று வீட்டுக்கு வருவதற்குப் பேர் விளையாட்டா, ஆபீசா என்று அமெரிக்கா மாமா திருப்பிக் கேட்டார். நாங்கள் இரண்டு பக்கமும் கைதட்டினோம்.

மாலைக்குள் இருவருமே ராயபுரத்தில் தங்கள் ஊரைக் கண்டுபிடித்துவிட்டார்கள். ஆஸ்திரேலியாவில் ஆட்டம் பார்க்கும்போது, மாவுக்குள் கறி வைத்துச் சுட்ட 'பை' என்ற பண்டத்தைத் தக்காளி சாஸோடு தின்பது வழக்கமாம். ஆஸ்திரேலியா மாமா முக்குக்கடை பேக்கரியில் சிக்கன் பப்ஸ் வாங்கி, அதன் தலையில் சாஸைக் கொட்டிக்கொண்டு ஆனந்தமாக நின்றார். அமெரிக்கா மாமாவுக்கோ தள்ளுவண்டியில் தோலோடு அவித்த வேர்க்கடலையைப் பார்த்ததும் கண்ணே கலங்கிவிட்டது. அவர் பிறந்த தெற்குப் பக்கத்திலும் கடலையை இப்படித்தான் அவிப்பார்களாம், பேஸ்பால் பார்க்கும்போது அதுதான் தீனியாம். அன்றிலிருந்து கடலைப் பொட்டலம் இல்லாமல் அவரைப் பார்க்கவே முடியவில்லை.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் எங்கள் சந்துக்கும் பக்கத்துச் சந்துக்கும் மேட்ச். வருஷா வருஷம் நடப்பது. புதுப் பந்து ஒன்று நடுவில் வைக்கப்படும். அதிலேயே ஆடி, ஜெயித்த சந்து அந்தப் பந்தை எடுத்துக்கொண்டு போகும். அவ்வளவுதான் பரிசு, ஆனால் அதற்காக வருஷம் முழுக்கப் பேச்சு வார்த்தை இல்லாமல் இருந்தவர்கள் உண்டு. எங்கள் சட்டங்களும் தனி. அதில் முதல் சட்டம், பந்து நேராக மாடிக்குப் போனால் அவுட். மாடியில் தண்ணீர்த் தொட்டி, துணிக்கொடி, வடகம், எல்லாவற்றுக்கும் மேலாகத் திட்டும் அம்மாக்கள் இருப்பதால் வந்த சட்டம் அது.

நான் இரண்டு வருஷமாகச் சாக்கடையிலிருந்து பந்து பொறுக்கிக் கொடுத்துவந்தவள். அந்த வருஷம் ஒரு பையன் குடும்பத்தோடு வேளாங்கண்ணிக்குப் போய்விட, வேறு வழியில்லாமல் அண்ணன் என்னைச் சேர்த்துக்கொண்டான். அவன்தான் எங்கள் கேப்டன். "சொதப்பினா இத்தோட சரி" என்று முன்னாலேயே சொல்லிவைத்தான். அந்த டீமில் இருப்பதைவிடப் பெரிய விஷயம் உலகத்தில் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

ஆஸ்திரேலியா மாமாதான் அம்பயர். வெள்ளைக்காரர், எந்தச் சந்துக்கும் சேராதவர் என்று இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்டது. அவர் எங்கள் வீட்டில்தான் தங்கியிருக்கிறார் என்பதை யாரும் யோசிக்கவில்லை. சட்டத்தையெல்லாம் பயபக்தியோடு கேட்டுக்கொண்டார். பாதி ஆட்டம் முடிந்ததும் ஆரஞ்சுகளை நாலு நாலாக வெட்டித் தட்டில் வைத்து எல்லோருக்கும் நீட்டினார். அவர்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஆட்டத்தின் நடுவே அதுதான் தீனியாம். பக்கத்துச் சந்து கேப்டன் முதலில் சந்தேகமாக மோந்து பார்த்தான், அப்புறம் நாலு துண்டு தின்றான். அமெரிக்கா மாமாவோ எங்கள் வீட்டு மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, ஓயாமல் கடலை உரித்துத் தோலைக் கீழே போட்டுக்கொண்டிருந்தார். நிறுத்தாமல் தின்பதுதான் அவர்கள் ஊரில் ஆட்டம் பார்ப்பது.

கடைசி ஆளாக நான் இறங்கியபோது எங்களுக்கு நாலு ரன் வேண்டும். இரண்டு பந்தைத் தடவினேன். மூன்றாவது பந்து மெதுவாக, இடுப்பு உயரத்துக்கு வந்தது. கண்ணை இறுக்கிக்கொண்டு வீசினேன். மட்டையின் நடுவில் பந்து பட்ட சத்தம் அதற்கு முன்னால் எனக்குக் கேட்டதேயில்லை. கண்ணைத் திறந்தால் பந்து எங்கள் மாடியை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது. அமெரிக்கா மாமா சுவருக்கு வெளியே பாதி உடம்பை நீட்டி, ஒரு கையால் அதைப் பிடித்தார். மற்றக் கையிலிருந்த கடலைப் பொட்டலம் ஆடக்கூட இல்லை.

ஆஸ்திரேலியா மாமாவின் இரண்டு கைகளும் சிக்ஸருக்குத் தாமாக மேலே போயின. பிறகு சட்டம் நினைவுக்கு வந்து, வருத்தத்தோடு ஒரு விரலை மட்டும் நீட்டினார். "அவுட்டு!" என்று பக்கத்துச் சந்து மொத்தமும் கத்தியது. மாடியிலோ அமெரிக்கா மாமா பந்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு குதித்தார், என்னைக் காட்டிக் காட்டிக் கூவினார், பந்துக்கு முத்தம் கொடுத்தார். நான் தோற்றதில் இவருக்கு ஏன் இத்தனை சந்தோஷம் என்று எனக்கு அழுகை வந்தது.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. பந்தைக் கேட்டால் அவர் போடவில்லை. ஆஸ்திரேலியா மாமா கீழேயிருந்து ஏதோ சொன்னார். வந்ததிலிருந்து நடந்த கிண்டலின் மிச்சம் என்று நினைத்தாரோ என்னவோ, அமெரிக்கா மாமா தலையை ஆட்டிச் சிரித்துவிட்டுப் பந்தைப் பையில் போட்டுக்கொண்டார். மொழிபெயர்க்க அத்தைகள் இல்லை. இருவரும் காசிமேட்டுக்கு மீன் வாங்கப் போயிருந்தார்கள்.

"தோத்துட்டு பந்த ஆட்டய போடலாம்னு பாக்குறீங்களா?" என்றான் பக்கத்துச் சந்து கேப்டன்.

அண்ணன் முகம் கறுத்துவிட்டது. எங்கள் சந்தைத் திருட்டுச் சந்து என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. "நீதான மேல அட்ச்ச? போய் வாங்கினு வா. வெறுங்கையோட வந்த, இனிமே டீம்ல கெடயாது" என்றான்.

நான் படியேறி ஓடினேன். மாமா என்னை அப்படியே தூக்கி ஒரு சுற்றுச் சுற்றி இறக்கிவிட்டார். "பால், மாமா, கிவ்" என்று கையை நீட்டினேன். அவர் ஏதேதோ சொல்லி, பெட்டிகளில் விலாசம் எழுத வைத்திருந்த தடித்த கறுப்புப் பேனாவை எடுத்துவந்தார். பந்தையும் பேனாவையும் என் கையில் கொடுத்து, "நேம், நேம்" என்றார். அந்த ஒரு வார்த்தைதான் எனக்கு விளங்கியது.

விளங்கியதும் நிம்மதியாகிவிட்டது. எங்கள் வீட்டில் ஒரு டம்ளர்கூடப் பேர் வெட்டாமல் இருக்காது. விசேஷத்துக்குக் கொடுத்த அண்டா பக்கத்து வீட்டில் தங்கிவிட்டால், அம்மா போய் அடியில் வெட்டிய பேரைக் காட்டித்தான் வாங்கிவருவாள். பொருள் யாருடையது என்று மாமா நியாயமாகக் கேட்கிறார், பேர் எழுதினால் கொடுத்துவிடுவார் என்று புரிந்துகொண்டேன். பந்தைச் சுற்றி என் பேரைக் கொட்டை எழுத்தில் எழுதினேன். மாமா இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து நீட்டினார். நான் பேனாவை மட்டும் அதில் வைத்து, "தேங்க் யூ மாமா" என்று சொல்லிவிட்டுப் பந்தோடு இறங்கி ஓடிவந்தேன்.

பக்கத்துச் சந்து கேப்டனிடம் பந்தைக் கொடுத்தேன். அவன் அதைத் தூக்கிக் காட்டியபோது மாடியிலிருந்து ஒரே ஒருவர் பலமாகக் கைதட்டுவது கேட்டது. அமெரிக்கா மாமாதான். எதிரி ஜெயித்ததற்குக் கைதட்டுகிற ஆளைத் திரும்பிப் பார்க்கவும் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அண்ணன் என் தலையில் தட்டி, "அடுத்த வருசம் கண்ண தொறந்துகினு அடி" என்றான். அடுத்த வருஷமும் நான் இருக்கிறேன்! அன்றைக்கு வஞ்சிர வறுவலை வயிறு முட்டத் தின்றேன்.

நான் கல்லூரியில் படிக்கும்போது ஒருநாள் சின்ன அத்தை போனில் பேசிக்கொண்டிருந்தாள். அவர்கள் ஊரில் பந்தை நேராகக் கூட்டத்துக்குள் அடிப்பதுதான் ஆட்டத்திலேயே பெரிய அடியாம். அப்படி வருகிற பந்தைப் பிடித்தவர் திருப்பித் தரவேண்டியதில்லையாம், அது அவருக்கே. அடித்தவரிடம் அதில் கையெழுத்து வாங்கி, ஆயுசுக்கும் அலமாரியில் வைத்துக்கொள்வார்களாம். மாமாவைச் சின்ன வயசிலிருந்து அவர் அப்பா ஒவ்வொரு கோடையிலும் மைதானத்துக்குக் கூட்டிப்போவாராம். கையில் உறையை மாட்டிக்கொண்டு, கடலை தின்றபடி, முப்பது வருஷம் உட்கார்ந்திருக்கிறார். ஒரு பந்துகூட அவர் பக்கம் வந்ததில்லை.

அவர் வாழ்க்கையில் பிடித்த ஒரே பந்து நான் அடித்ததுதான். அதில்தான் பேரை எழுதி, அவர் கையிலிருந்தே வாங்கிக்கொண்டுபோய்ப் பக்கத்துச் சந்துக்குக் கொடுத்திருக்கிறேன். அப்படியும் அவர் மாடியில் நின்று கைதட்டினார். அது எனக்காகத் தட்டியது என்று எனக்கு அன்றைக்குத் தெரியவில்லை.