கிளமெண்டி வந்து சேரும் வரை

துப்பாக்கி இல்லாத ஊரில்தான் துப்பாக்கிச் செய்திக்கு மவுசு அதிகம். சிங்கப்பூரில் பட்டாசு வெடிக்கவே அனுமதி வேண்டும். அதனால் எங்கோ வெளிநாட்டில் ஒருவன் சுட்டால், சிராங்கூன் ரோட்டில் இருந்த எங்கள் தமிழ்ச் செய்தித் தளத்துக்கு அன்று தீபாவளி.

அந்த மாலை, வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் துப்பாக்கிச்சூடு. எங்கள் தளத்தின் தலைமை ஆசிரியருக்கு உற்சாகம் தாங்கவில்லை. சுட்டவன் துப்பாக்கியோடு நிற்கும் படம் பெரிதாக வேண்டும், அவன் எழுதி வைத்ததைத் தமிழில் போட வேண்டும் என்றார். அவன் காலையில் சாப்பிட்டது இட்லியா தோசையா என்று மட்டும் கேட்கவில்லை. செத்தவர்களுக்குக் கடைசி வரி போதுமாம்.

நிருபர் ஜெசிந்தா இன்னும் வேலை நிரந்தரமாகாமல் புரொபேஷனில் இருந்தாள். சுட்டவனுக்கு ஒரே வரி எழுதிவிட்டு, படம் வேண்டாம் என்றாள். அப்போது அவள் ஞாயிறுதோறும் போகும் பங்குக் கோயிலைச் சேர்ந்த ஒருவர் போன் செய்தார். இறந்தவர்களில் அவர் மகன் டேனியலும் ஒருவன். தீவின் கிழக்குக் கோடியில், தெம்பனிஸில் வேலையில் இருந்தவருக்குப் பல்கலைக்கழகத்திலிருந்து அப்போதுதான் சொல்லியிருக்கிறார்கள்.

“ட்ரெயின்ல ஏறிட்டேன்மா. மழையில டாக்ஸி கிடைக்கல. அந்தக் கோடியில கிளமெண்டி வீட்டுல அவன் அம்மா தனியா இருக்கா, போன்ல உங்க அலர்ட்டைத்தான் எப்பவும் பாப்பா. நான் போய்ச் சொல்ற வரைக்கும் பேரைப் போட்டுடாதீங்க.”

தலைமை ஆசிரியர் காதில் விழுந்தது ஒன்றுதான். “பேரு கன்ஃபர்ம் ஆயிடுச்சா? அப்புறம் என்ன, அனுப்பு லா. நாமதான் ஃபர்ஸ்ட்.”

“அம்மாவுக்கு இன்னும் தெரியாது சார். நான் அனுப்ப மாட்டேன்” என்றாள் ஜெசிந்தா. அவர் உடனே அவள் வேலை நிரந்தரமாவதைப் பற்றி அக்கறையோடு பேசத் தொடங்கினார்.

பணியில் இருக்கும் துணை ஆசிரியரின் பாஸ்வேர்டு இல்லாமல் அலர்ட் போகாது. அன்று பணியில் இருந்தது நான். ட்ரெயின் கிளமெண்டிக்குப் போகட்டும், பிறகு தருகிறேன் என்றேன். மக்களின் அறியும் உரிமை பற்றி அருமையான சொற்பொழிவு ஒன்று கிடைத்தது. ஒரு கோப்பை தே குடித்துக்கொண்டே கேட்டேன். உள்ளுக்குள் பயம்தான். வேறொரு தளம் சுட்டவன் படத்தைப் போட்டதும், தலைமை ஆசிரியர் சொந்தப் பிள்ளை பரீட்சையில் இரண்டாவதாக வந்ததைப் போல நொந்து போனார்.

ஜெசிந்தா போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கடைசியில் டேனியலின் அப்பாவிடமிருந்து செய்தி வந்தது: “சொல்லிட்டேன்.” அதன் பிறகே டேனியலின் பெயரைப் போட்டோம்.

இப்போது அந்தத் தலைமை ஆசிரியர் பொறுப்பான செய்தி சேகரிப்பு பற்றிக் கருத்தரங்குகளில் பேசுகிறார். இந்தச் சம்பவம்தான் உதாரணம். அவர் சொல்லும் கதையில் பெயரை நிறுத்திவைக்க முடிவெடுத்தவர் அவரே என்று கேள்விப்பட்டேன், சந்தோஷம்.

டேனியலின் அடக்கம் முடிந்த பிறகு அவன் அம்மா ஜெசிந்தாவைக் கூப்பிட்டு, மகனைப் பற்றி நெடுநேரம் பேசினார். “அன்னைக்கு அவர் என் கையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் சொன்னாரு. போன்ல பாத்திருந்தா நான் என்ன ஆகியிருப்பேனோ” என்றாராம்.

இளையவர்களுக்கு ஒன்று சொல்வேன். பொறுப்பாக எழுதும் நிருபருக்குக் கருத்தரங்கு தேவையில்லை. பக்கத்து நாற்காலிக்காரர் அவளோடு சேர்ந்து திட்டு வாங்கினால் போதும்.