காதர் பாய் போட்ட நாற்பது விநாடி

காதர் பாய் மௌத்தாகிவிட்டார்.

காலையில் அவர் தம்பி போன் செய்தார். "செபா... அண்ணன் போயிட்டாருப்பா. நெஞ்சு வலிக்குதுன்னு உக்காந்தாரு, அம்புட்டுத்தான்."

திண்டுக்கல் நாகல் நகரில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருந்தவர். எங்கள் ஊர் லினக்ஸ் வாட்ஸ்அப் குரூப்பில் நான் அதிகம் சண்டை போட்டது அவரிடம்தான்.

வழக்கமான அஞ்சலியாக இதை எழுத எனக்கு அருகதை இல்லை. ரெண்டு வருஷமாக ஒரு பொய்யை வைத்துக்கொண்டு திரிகிறேன். குரூப்பில் இருந்தவர்கள் தயவுசெய்து கடைசி வரை படியுங்கள்.

தெரியாதவர்களுக்காக... கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் எது முதலில் எழ வேண்டும், எது அடுத்து என்று சொல்ல ஒரு சாஃப்ட்வேர் உண்டு. விண்டோஸ் மாதிரி, ஆனால் இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸில் பல வருஷமாக அது கட்டளைகளை எழுதி வைத்த சாதாரண ஸ்கிரிப்ட்தான், வரி வரியாக ஓடும். அதைத் தூக்கிவிட்டு, முடிந்தவரை எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கிளப்பும் புதுசு ஒன்று வந்தது. உலகம் பூராவும் அடிதடி. திண்டுக்கல்லிலும்தான்.

நான் புதுசு கட்சி. பாய் பழசு.

"ஏம்ப்பா, வீட்ல எல்லாரும் ஒரே நேரத்துல எந்திரிச்சா பாத்ரூமுக்கு யாரு மொதல்ல போறது?" என்று வாய்ஸ் மெசேஜ் போடுவார்.

"பாய், உங்க ஸ்கிரிப்ட்டுக்கு ரிட்டயர்மென்ட் குடுங்க, பென்ஷன் நான் தாரேன்" என்று நான் போட்டேன். குரூப்பே சிரித்தது. அவரும் ஒரு சிரிப்பு பொம்மை போட்டார்.

சின்னாளப்பட்டியில் ஒரு ரீடிங் ரூம். பார்வையில்லாத பிள்ளைகளுக்குப் பாடப்புத்தகங்களை வாசித்து ரெக்கார்ட் செய்து கொடுக்கும் இடம். நாங்கள் ரெண்டு பேரும் அங்கே வாலன்டியர். அந்தக் கம்ப்யூட்டரில் ஓடியது பாய் எழுதிய ஸ்கிரிப்ட்.

அதை மாற்றலாமா என்று குரூப்பில் ஓட்டெடுப்பு நடந்தது. என் கட்சி ஜெயித்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே போய்ப் புதுசுக்கு மாற்றினேன்.

அவர் ஸ்கிரிப்ட்டில் ஒரு வரி... ஆன் ஆனதும் ரெக்கார்டிங் இருக்கும் டிஸ்க்கைத் தொடாமல் நாற்பது விநாடி சும்மா இரு. ஏன் என்று எழுதவில்லை.

ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். கேட்டால் நான் தோற்ற மாதிரி ஆகிவிடுமே என்று கேட்கவில்லை. வரியைத் தூக்கிவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து பருவம் தப்பி ஒரு மழை, காற்று, கரண்ட் கட். எங்கள் பக்கம் கரண்ட் ஒரேயடியாக வராது. வந்து, போய், வந்து, போய், அப்புறம்தான் நிற்கும். அந்த நாற்பது விநாடி அதற்குத்தான்.

யுபிஎஸ் பேட்டரி செத்து மாதக்கணக்காகியிருந்தது. நான் போட்ட சிஸ்டம் வேகமாக எழுந்து டிஸ்க்கில் கை வைத்தது. அந்த நேரம் பார்த்து கரண்ட் மறுபடி போனது.

ரெக்கார்டிங் மொத்தமும் போச்சு. பேக்கப் டிஸ்க்கும் அதிலேயே செருகியிருந்தது, அதுவும் போச்சு. பிளஸ் டூ பரீட்சைக்கு இருபது நாள் இருந்தது.

நடந்ததையெல்லாம் கம்ப்யூட்டர் தானாகக் குறித்து வைக்கும் லாகைத் திறந்து பார்த்தேன். என் தப்பு என்று தெளிவாகத் தெரிந்தது. தெரிந்த பிறகுதான் குரூப்பில் எழுதினேன்... "பாய் வாங்கிப் போட்ட பழைய டிஸ்க். இதுக்குத்தான் அன்னிக்கே சொன்னேன்."

பாய் கடையைப் பூட்டிவிட்டு வந்தார். மூன்று நாள் உட்கார்ந்தார். முக்கால்வாசி ஃபைல்கள் திரும்ப வந்தன, ஆனால் பெயர் இல்லை, வெறும் நம்பர். ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டு, எது எந்தப் பாடம் என்று பெயர் போட்டார்.

"ஏலே செபா, இந்த வரலாறு ரெண்டாவது பாடம் நீ வாசிச்சதுதான? மூக்கடைப்போட வாசிச்சிருக்கியேப்பா!"

நான் பக்கத்தில் கேபிளைச் சுற்றிக்கொண்டிருந்தேன். அதே லாக் அவருடைய ஸ்கிரீனிலும் திறந்து கிடந்தது. அவர் படித்துவிட்டார் என்று எனக்குத் தெரியும்.

குரூப்பில் அவர் எழுதியது இவ்வளவுதான். "டிஸ்க் பழசுதான். நான்தான் மாத்திருக்கணும். மன்னிச்சிருங்க மக்களே."

ஆளாளுக்கு அவரைப் பேசினார்கள். "பழசக் கட்டிக்கிட்டு அழுதா இப்படித்தான்" என்று ஒருவர் எழுத, நான் அதற்கு லைக் போட்டேன். மெல்ல மெல்ல அவரை எதற்கும் கூப்பிடுவதில்லை என்று ஆனது. ஒரு நாள் குரூப்பை விட்டே போய்விட்டார்.

ஒரே ஒரு தடவை கடை முன்னால் வண்டியை நிறுத்தினேன். "பாய், அந்த டிஸ்க்கு..."

"டீ சாப்டியா?" என்றார்.

தப்பித்தோம் என்று டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். கோழை, வேறென்ன.

இன்று அடக்கம் முடிந்ததும் நேராகச் சின்னாளப்பட்டிக்குப் போனேன். ரெண்டு வருஷமாக அந்தக் கம்ப்யூட்டரை நான் தொட்டதில்லை. பயம்.

திறந்து பார்த்தால்... பாய் பழைய ஸ்கிரிப்ட்டுக்குத் திரும்பவில்லை. நான் போட்ட புதுசையே விட்டு வைத்திருந்தார். அதில் எப்படி எழுதுவது என்று கற்றுக்கொண்டு, அதற்குள்ளேயே அந்த நாற்பது விநாடியைச் சேர்த்திருந்தார். இந்தத் தடவை மேலே தமிழில் காரணமும் எழுதியிருந்தார்.

"கரண்ட் வந்தா ரெண்டு தடவ போயிட்டுத்தான் நிக்கும். நாப்பது எண்ணிட்டு டிஸ்க்கைத் தொடவும். இந்த வரியைச் சேர்த்தது: செபா."

என் பேர். என் பேரைப் போட்டிருக்கிறார் மனுஷன்.

அங்கேயே உட்கார்ந்து அழுதேன். இனி யாரிடம் போய்ச் சொல்வது? போன் இருந்தது, கடை இருந்தது, ரெண்டு வருஷம் இருந்தது. ஒன்றும் செய்யவில்லையே நான்...

டிஸ்க் போனது என்னால். காதர் பாய் மேல் ஒரு தப்பும் கிடையாது. அன்றைக்கு அவரைப் பேசிய எல்லோருக்கும் இது போய்ச் சேர வேண்டும்.

புதுசுதான் சரி என்று இப்போதும் சொல்வேன் பாய். வந்து சண்டை போடுங்க. ஒரே ஒரு வாய்ஸ் மெசேஜ் போடுங்க.

என் பெயரை அழித்துவிட்டு "காதர் பாய்" என்று அடித்தேன். ஆஃப் செய்து, ஆன் செய்தேன். நாற்பது வரை எண்ணினேன்.

ஸலாம் பாய்.