இணைப்பு: பூ ஒன்று

நெருஞ்சிப் பூவைப் படம் எடுக்க வேண்டுமானால் மண்ணில் குப்புறப் படுக்க வேண்டும். வேறு வழி கிடையாது. நாற்பத்து நான்கு வயதில், சேலையோடு, திருச்சுழி ரோட்டோரம் நான் அப்படிப் படுத்துக் கிடந்தபோது, பைக்கில் போன ஒருவர் பதறிப்போய் இறங்கி, "அக்கா, கிறுகிறுன்னு வந்துருச்சா?" என்று முகத்தில் தண்ணீரை அடித்துவிட்டார். கேமரா நனையக் கூடாதே என்று அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு புரண்டேன். உடனே அவர் வலிப்பு என்று முடிவு கட்டி, பைக் சாவியை என் கையில் திணித்தார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. நான் சிரிக்கச் சிரிக்க அவருக்குப் பயம் கூடிக்கொண்டே போனது. படம் மட்டும் அருமையாக வந்திருந்தது.

துபாயில் வேலை பார்க்கும் என் தம்பி போன வருடம் விடுமுறைக்கு வந்தபோது புதுக் கேமரா வாங்கிக்கொண்டு பழையதை என்னிடம் தள்ளிவிட்டான். "இந்த லென்ஸு கேமரா வாங்குறப்ப சும்மா கூட வர்றது, அக்கா. பழகுறதுக்கு மட்டுந்தான். பூச்சி, பூ எல்லாம் எடுக்க வேற லென்ஸு வேணும்" என்றான். வேண்டாம் என்று சொன்னால் வீம்புக்காவது செய்கிற ஆள் நான். மறுநாளே எருக்கம்பூவில் ஆரம்பித்துவிட்டேன்.

அந்த லென்ஸுக்கு ஒரு குணம். பூவுக்கு ஒரு சாண் தள்ளியே நிற்க வேண்டும். ஆசைப்பட்டு இன்னும் கிட்டே போனால் 'கர்ர், கர்ர்' என்று முன்னும் பின்னும் ஓடி, கடைசியில் ஒன்றும் தெரியவில்லை என்று கைவிரித்துவிடும். காற்று வேறு எங்கள் ஊர்ப் பக்கம் சும்மா இருக்காது. மூச்சைப் பிடித்துக்கொண்டு, பூ ஆடி நிற்கும் அந்த ஒரு நொடிக்குக் காத்திருக்க வேண்டும். வெளிச்சம் போதவில்லை என்றால் கல்யாணப் பத்திரிகையின் வெள்ளைப் பக்கத்தைப் பூவுக்கு அடியில் பிடிப்பேன். இதற்காகவே வந்த பத்திரிகைகளையெல்லாம் சேர்த்து வைத்திருந்தேன். "கல்யாணத்துக்குப் போறியோ இல்லையோ, பத்திரிகைய மட்டும் பத்திரமா வச்சிரு" என்று வீட்டுக்காரர் கேலி செய்வார். வாரம் முழுக்கத் திருச்சுழியில் ஓர் அரசு அலுவலகத்தில் வருகிற மனுக்களுக்கெல்லாம் முத்திரை குத்திப் பதிவேட்டில் ஏற்றுகிறவளுக்கு, ஞாயிற்றுக்கிழமை பைத்தியம் பிடித்தால் என்ன தப்பு?

பருத்திப் பூதான் என்னை ரொம்ப நாள் ஆட்டி வைத்தது. முதல் நாள் மஞ்சளாக விரியும். மறுநாள் ரோஸ் ஆகிவிடும். ஒரே செடியில் இன்றைய மஞ்சளும் நேற்றைய ரோஸும் பக்கத்தில் பக்கத்தில் நிற்க, இரண்டையும் ஒரே படத்தில் பிடிக்க வேண்டும். அந்த வருடம் மழை ஏமாற்றிவிட்டதால் பூவைக் கண்ணில் பார்ப்பதே அபூர்வமாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பரளச்சிக்குக் கொஞ்சம் முன்னால் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தேன். கருகிப்போன பருத்திக்காடு ஒன்று. அதன் ஓரம், ஈரம் தங்கியிருந்த வாய்க்காலை ஒட்டி நாலே நாலு செடிகள் மட்டும் பச்சையாக நின்றன. அதில் ஒரு செடியில் மஞ்சள் ஒன்று, ரோஸ் ஒன்று. நான் நிஜமாகவே குதித்தேன். மண்டி போட்டு, பத்திரிகையைப் பிடித்து, மூச்சை அடக்கி, ஒரு படம் எடுத்தேன். திரையில் பார்த்தால், யாரோ வரைந்து வைத்த மாதிரி இருந்தது. எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

இன்னொன்று எடுக்கலாம் என்று குனிந்தபோது, காட்டின் மறுகோடியிலிருந்து ஒரு பெண் ஓடி வந்தார். என் வயதுதான் இருக்கும். மூச்சு வாங்க என்னைப் பார்த்தவர், "மேடம், நீங்க ஆபீஸ்ல முத்திரை குத்துறவுகதான?" என்றார்.

ஊருக்கு வெளியே ஒருவர் என்னை அடையாளம் கண்டுகொண்டதில் எனக்குத் தலைகால் புரியவில்லை. "ஆமா" என்று பல்லெல்லாம் தெரியச் சொன்னேன்.

"அப்ப இங்கிட்டு வாங்க. இதைப் பூராம் எடுங்க" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காய்ந்த செடிகளுக்கு நடுவில் நிறுத்தினார்.

"இல்லக்கா, எனக்குப் பூதான் வேணும்" என்று நான் திரும்பி நடந்தேன். அவர் எனக்கு முன்னால் ஓடிப்போய் மஞ்சள் பூவைப் பட்டென்று பறித்து மடியில் போட்டுக்கொண்டார். அடுத்து ரோஸ் பூவுக்குக் கை போனது.

"அய்யய்யோ! அதைத் தொடாதீங்க!" நான் போட்ட கத்தலில் கொக்கு ஒன்று பறந்துவிட்டது.

அவர் கையை எடுத்துக்கொண்டார். "செவ்வாக்கிழமை ஆபீசருக காட்டைப் பாக்க வாராக மேடம். நீங்க முந்தியே வந்து பூவப் போட்டோ புடிச்சிட்டுப் போனா, நல்லாத்தான பூத்திருக்குன்னு எழுதிற மாட்டாகளா? நாலு செடிக்காகக் காடு பூராம் வெளஞ்சிருச்சுன்னு ஆயிருமே. இந்த நெவாரணம் இல்லாட்டி அடுத்த வெதப்புக்கு வெதை வாங்க வழியில்ல."

"நான் அதுக்கு வரல! ஞாயித்துக்கிழமை யாராவது ஆபீஸ் வேலை பாப்பாகளா?" எனக்குக் கோபம் வந்துவிட்டது. பூ போன கோபம்.

"பாத்துட்டுத்தான நிக்கிறீக?" என்றார் அவர்.

வேறு வழியில்லாமல் கேமராவில் இருந்த பழைய படங்களைக் காட்டினேன். எருக்கு, ஆவாரை, தும்பை, மறுபடியும் எருக்கு. அவர் ஒவ்வொன்றையும் உற்றுப் பார்த்துவிட்டு, "எருக்குக்குமா நெவாரணம் குடுக்காக?" என்றார். நான் அப்படியே வரப்பில் உட்கார்ந்து சிரித்தேன். நான் சிரித்த சிரிப்பில்தான் அவருக்கு நம்பிக்கை வந்திருக்க வேண்டும். அவரும் பக்கத்தில் உட்கார்ந்தார். நெருஞ்சிப் பூ திரை நிறைய வந்தபோது, "இது எந்த ஊருப் பூவு?" என்று கேட்டார். உங்கள் வரப்பிலேயே கிடக்கிறது என்று காட்டியதும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

அடுத்து வந்தது அன்றைய படம். மஞ்சளும் ரோஸும். பின்னால் வாய்க்கால் கரை மரங்களின் பச்சை கலங்கலாகத் தெரிந்தது. அவர் சிரிப்பு நின்றுபோனது.

"தோட்டம் மாதிரி இருக்கு" என்றார் மெதுவாக.

அவர் அழிக்கச் சொல்லவில்லை. நானும் பார்த்தேன். தண்ணீர் பாயும் தோட்டம்தான். இதைப் பார்க்கிற எவரும் இந்தக் காடு கருகிக் கிடக்கிறது என்று நம்ப மாட்டார்கள். அவர் பயந்ததில் தப்பே இல்லை. அழிக்கவா என்று கேமரா கேட்டது. மஞ்சள் பூ அவர் மடியில் கிடந்தது, அந்தப் படத்தை இனி எடுக்க முடியாது. ஆமாம் என்று அமுக்கினேன்.

பிறகு வாய்க்காலுக்குள் இறங்கி, செடிக்குப் பின்னால் சேற்றில் படுத்தேன். லென்ஸைத் திருப்பி, ரொம்ப தூரம் சின்னதாகிப் படத்துக்குள் அடங்குகிற அகலக் கோடிக்குக் கொண்டுவந்தேன். பூவுக்கு ஆகாது என்று தம்பி சொன்ன லென்ஸிலும் பூவுக்கு ஆகவே ஆகாத கோடி அது. ரோஸ் பூ இப்போது சின்னதாக ஓரத்தில் நின்றது. அதற்குப் பின்னால் வரிவரியாகக் கருகிய செடிகள், வெடித்த கரிசல், அந்தக் கடைசிவரை வெறும் காடு.

சேறும் சகதியுமாக எழுந்து வந்து காட்டினேன். அவர் கேமராவை இரண்டு கையாலும் வாங்கிப் பார்த்தார். "ஆமா, இதுதான் எங்க காடு" என்றார். அப்புறம் என் சேலையைப் பார்த்தார். இருவருக்கும் மறுபடி சிரிப்பு பிடித்துக்கொண்டது. பஸ் ஏறும்போது மடியிலிருந்த பூவை எடுத்து என் கையில் வைத்தார். வீடிருக்கும் அருப்புக்கோட்டை வரைக்கும் அதைப் பார்த்துக்கொண்டே ஒரு பைத்தியம் போலச் சிரித்துக்கொண்டு வந்தேன். பக்கத்து சீட்டில் யாரும் உட்காரவில்லை, சேறு காரணமாகவும் இருக்கலாம்.

அந்தப் படத்தை ஸ்டுடியோவில் பிரிண்ட் போட்டு, பரளச்சி பஸ் கண்டக்டரிடம் அந்த அக்காவுக்குக் கொடுத்தனுப்பினேன். அடுத்த வாரம் அந்த அக்கா என் மேஜை முன் வரிசையில் நின்றார். காட்டைப் பார்த்துவிட்டுப் போன ஆபீசர்கள், படத்தோடு மனு கொடுக்கச் சொன்னார்களாம். மனுவில் என் படம் குண்டூசியால் குத்தியிருந்தது.

நான் குரலைத் தாழ்த்தி, "அக்கா, பூ இருக்கிற ஓரத்தை வெட்டிட்டுக் குடுத்திருக்கலாமே?" என்றேன்.

"எதுக்கு வெட்டணும்? இருக்கட்டும். பூத்தது அம்புட்டுத்தான்னு தெரியட்டும்" என்றார்.

பங்குனியில் வந்த நிவாரணப் பட்டியலில் அவர் பெயர் இருந்தது. அதைப் பதிவேட்டில் ஏற்றியவளும் நான்தான். ஆனால் எனக்கு மறக்காமல் நிற்பது அந்த மனு நாள்தான். முத்திரை தப்பித் தவறியும் படத்தின் மேல் விழுந்துவிடக் கூடாது என்று ஒரு மூலையில் குத்தினேன். பதிவேட்டில் இணைப்பு என்று ஒரு கட்டம் உண்டு. சந்தோஷத்தில் அதில் 'பூ – 1' என்று எழுதிவிட்டேன். அடித்துவிட்டு, 'படம் – 1' என்று எழுதினேன். அடித்த இடத்தில் சுருக்கொப்பம் போட வேண்டும் என்பது விதி, அதையும் போட்டேன்.