அம்மாவின் குரல் இருந்த டப்பா

கொதிக்கும் எண்ணெயில் நெத்திலியைப் போட்டால் வருமே, அப்படி "கர்ர்ர்" என்று ஒரு சத்தம், மீன் செதிலும் உப்பும் ஒட்டிய அந்த ஒயரைத் தொட்டால் வரும். நொச்சிக்குப்பத்தில் ரோட்டோரம் எங்கள் மீன் பலகைக்குக் கீழே இருந்த ஸ்பீக்கரின் சத்தம் அது. தீப்பெட்டி அளவு பாட்டுப் பெட்டி ஒன்றை ஒயர் போட்டு அந்த ஸ்பீக்கரோடு இணைத்திருந்தோம். இரண்டையும் சேர்த்து அம்மா "டப்பா" என்பாள்.

கடற்காற்றில் ஒயர் முனையிலிருக்கும் "பின்னு" பச்சை பூத்துவிடும். பள்ளிக்கூட ரப்பரால் அதைத் தேய்த்து, பாட்டுப் பெட்டியின் துளையில் சொருகி, மெல்லத் திருப்பி, சத்தம் தெளிகிற இடத்தில் நிறுத்துவது என் வேலை. படிப்பு எனக்கு வரவில்லை, இது வந்தது. பின்னு முழுசாக இறங்காமல் பாதியில் நின்றால் ஒரு வேடிக்கை நடக்கும். மேளம் கேட்கும், வயலின் கேட்கும், பாடுகிறவர் குரல் மட்டும் காணாமல் போய்விடும். நான் வேண்டுமென்றே இழுத்துவிடுவேன். அம்மா மீனை ஆய்ந்துகொண்டே, "ஏய், பாடறவன் எங்கடி பூட்டான்? டீ குட்ச்சிகினு கீறானா? சரி, நானே பாடறேன்" என்று நடுவில் புகுந்து பாடுவாள். சுருதி சேரவே சேராது. பக்கத்துப் பலகை கன்னியம்மாக்கா, "யக்கா, செத்த மீனு எயுந்து ஓடிடப் போவுது" என்று சிரிப்பாள்.

நான் ஏழாவது படிக்கும்போது அம்மாவுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. மாதக்கணக்கில் தெளியவில்லை. கத்தவே கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். கத்தாமல் மீன் எப்படி விற்பது? பாட்டுப் பெட்டியில் குரல் பதிகிற வசதி இருந்தது. இருந்த குரலையெல்லாம் கூட்டி அம்மா ஒரு தரம் கூவினாள்: "வஞ்சிரம், சங்கரா, வவ்வாலு! கண்ணப் பாத்து வாங்கு, செவுளத் தூக்கிப் பாத்து வாங்கு! வாம்மா, வா நைனா!" அதையே திரும்பத் திரும்ப ஓடவிட்டோம். சாந்தோமிலிருந்து வரும் டீச்சரம்மா பேரம் பேசினால், அம்மா டப்பாவைக் காட்டி, "அதாண்ட கேளு டீச்சர், அது சொன்னா குட்த்துர்றேன்" என்று காற்றுக் குரலில் சொல்வாள்.

அப்புறம் கட்டி என்றார்கள். ஆபரேஷன் செய்தார்கள். குரல் திரும்பவில்லை. பலகைக்குப் பின்னால் உட்கார்ந்து, டப்பாவில் தன் குரலே கூவுவதைக் கேட்டபடி வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருப்பாள். அடுத்த ஆடிக்குள் போய்விட்டாள்.

மூன்றாம் நாள் பால் ஊற்றிவிட்டு வந்த அப்பா, "பாப்பா, உங்கம்மா கொரலப் போடு. ஒருவாட்டி கேட்டுக்கறேன்" என்றார். சொந்தக்காரர்கள் படுக்க இடம் வேண்டுமென்று யாரோ டப்பாவைத் தூக்கி அலமாரிமேல் வைத்திருந்தார்கள். பொத்தானை அமுக்கினேன். திரையில் நொடிகள் ஓடின, சத்தம் வரவில்லை. திரும்பவும் அமுக்கினேன். வீடு நிறைய ஆட்கள், எல்லோரும் என்னையே பார்த்தார்கள். பாட்டு சரியாகக் கேட்காவிட்டால் பெட்டிக்குள் இருக்கும் மெமரி கார்டில் உள்ளதையெல்லாம் அழித்துவிட்டு, செல்போன் கடையில் போய்ப் பாட்டுகளை மறுபடியும் ஏற்றிக்கொண்டு வருவது எங்கள் வழக்கம். அந்தப் பழக்கத்தில் என் விரல் போனது. அழித்தேன். பாட்டு மறுபடியும் ஏறும், அம்மா ஏறமாட்டாள் என்பது அழித்து முடித்த பிறகுதான் உறைத்தது.

"கெட்டுப்போச்சுப்பா" என்றேன்.

"வுடு பாப்பா. இந்த உப்புக் காத்துல எதுதான் நிக்குது" என்றார் அப்பா.

ஒரு வாரம் கழித்து, கார்டை மட்டும் கழற்றிக் கொண்டுபோய்ப் பாட்டு ஏற்றிக்கொண்டு வந்து போட்டேன். மேளம் கேட்டது, வயலின் கேட்டது. பாடுகிறவர் இல்லை. குனிந்து பார்த்தேன். பின்னு பாதி வெளியே நின்றது. டப்பாவைத் தூக்கியபோது ஒயர் இழுபட்டிருக்கிறது. அம்மாவின் கூவலில் மேளமும் இல்லை, வயலினும் இல்லை, குரல் மட்டும்தான். அதனால்தான் அன்றைக்கு எதுவுமே கேட்கவில்லை. குரல் உள்ளேதான் இருந்தது. ஒரு விரலால் தள்ளியிருந்தால் போதும். விளையாட்டுக்காக எத்தனையோ தடவை நானே இழுத்த பின்னு அது.

இதை அப்பாவிடம் இன்றுவரை சொல்லவில்லை. அதற்குப் பிறகு பள்ளிக்கூடமும் போகவில்லை.

இப்போது எனக்கு இருபது வயது. அதே பலகையில் நான் கூவி விற்கிறேன். என் போனில் பின்னு சொருகத் துளையே கிடையாது, புது ஸ்பீக்கருக்கு ஒயரும் கிடையாது. தேய்ப்பதற்குப் பச்சை இல்லை, திருப்பிப் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. பழைய டப்பாவை மட்டும் நான் தூக்கிப் போடவில்லை. வியாபாரம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் அதை எடுத்து, பின்னைப் பாதியில் இழுத்து வைத்து, அம்மா புகுந்து பாடுவாளே, அந்த இடம் வந்து போகிறவரைக்கும் கேட்டுக்கொண்டிருப்பேன்.

போன வாரம், கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டிருந்த அப்பா தலையைத் தூக்கினார். "இன்னா பாப்பா, பாடறவன் கொரலே காணோம்? அந்தப் பின்னு சரியா சொருவல பாரு. அமுக்கு, கொரலு வந்துரும்."

அமுக்கினேன். யாரோ ஒருவருடைய குரல் வந்தது.