வீரய்யாவுக்குப் பேர் போட்ட நாள்

பதுளையிலிருந்து ஊசிப்பாறைத் தோட்டத்துக்குப் போகும் பஸ் பாதையில், ஒரு மேட்டின் மேல் அந்த நீளக் கட்டிடம் இருந்தது. சனங்கள் அதைத் தர்மாஸ்பத்திரி என்றார்கள். காய்ச்சலில் தோட்டத்து ஆட்கள் கொத்துக் கொத்தாகச் செத்த ஒரு வருடம், ஆள் குறைந்தால் தேயிலைக் கொழுந்து எடுப்பது யார் என்று கலங்கிப்போன வெள்ளைக்காரத் துரைமார் பணம் போட்டுக் கட்டியது. அதற்குப் போய்த் தர்மம் என்று பெயர் வைத்தார்கள்! துரைமார் ஒவ்வொருவராகக் கப்பலேறிய பிறகு அரசாங்கம் அதை எடுத்துக்கொண்டது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்றில் வாசற்பலகையைக் கழற்றிவிட்டு, மூளை நரம்பு நோய்களுக்கான விசேட வைத்தியசாலை என்று புதுப் பலகை மாட்டினார்கள். ஊரே பெருமைப்பட்டது. பயந்துபோனவள் வேலாயி ஒருத்திதான்.

வேலாயி அங்கே வார்டு கூட்டிக் கழுவுகிறவள். அவள் புருசன் வீரய்யா அதே வார்டில் ஏழாம் கட்டிலில் எட்டு வருடமாகக் கிடந்தான். கண் திறந்திருக்கும், பார்வை இருக்காது. கஞ்சியை வாயில் விட்டால் தொண்டை விழுங்கும். அதற்கு மேல் ஒன்றுமில்லை. அவனைக் கொண்டுவந்து போட்டபோது இருந்த வெள்ளைக்கார மேட்ரன் மட்டும் இரக்கப்பட்டு, வேலாயிக்குத் துடைப்பத்தையும், படுத்துக்கொள்ள உடுப்பு வெளுக்கும் அறையில் ஒரு மூலையையும் கொடுத்தாள். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் அவர்கள் இருந்த ஒற்றைக் காம்பராவுக்கு வேறு குடும்பம் வந்துவிட்டது. வேலைக்கு வராதவனுக்குத் தோட்டத்தில் ஏது இடம்?

வேலைக்கு ஓடியதில்தான் அவன் விழுந்தான். விடியற்காலை அஞ்சரைக்குப் பெரட்டுக்களத்தில் ஆட்களை நிற்க வைத்து, அழகர் கங்காணி ஒவ்வொருவராகப் பெயர் கூப்பிடுவார். கூப்பிட்டவன் 'வந்தேன்' என்று குரல் கொடுக்க வேண்டும். குரல் கேட்டால் கங்காணி கூலிக் கணக்கில் பேர் போடுவார், எந்த மலைக்குப் போவது என்று சொல்வார். முழுநாள் கூலி என்றால் அது முழுப்பேர். மூன்று தரம் கூப்பிட்டும் குரல் இல்லையென்றால் அன்றைக்குப் பேர் இல்லை, திரும்பிப் போக வேண்டியதுதான். ஐம்பத்து மூன்று மார்கழி மழையில் வீரய்யா பிந்திவிட்டான். மூன்றாம் கூப்பாடு மலையெல்லாம் எதிரொலித்தபோது அவன் லயத்துப் படியில் பாய்ந்து இறங்கினான். பாசி வழுக்கியது. கருங்கல்லில் பின்மண்டை மோதியது. வாய் மட்டும் 'வந்' என்றது. வேலாயி வாசலில் நின்று பார்த்தாள்.

எட்டாம் கட்டிலில் வலிப்புக்காக அடிக்கடி வந்து தங்கும் புஹாரி நானா இருந்தார். பதுளைக் கடைவீதியில் துணிக்கடை வைத்திருந்தவர், வீண் பேச்சுப் பேசாதவர். அவர்தான் ஒருநாள் மெதுவாகச் சொன்னார்.

"உங்கட வீட்டுக்காரர் விடியச் சாமத்தில எழும்பிப் போறாரும்மா. நான் கண்டேன்."

"நல்லா இருக்குங்க உங்க வெளையாட்டு. எட்டு வருசமா பொரண்டு படுக்காதவரு எங்க போறாராம்?"

"எங்க எண்டு தெரியா. கட்டில்ல ஆள் இரிக்கார். ஆனா போறார்."

வேலாயி சிரித்து மழுப்பினாள். ஆனால் மறுநாள் அஞ்சரைக்கு வந்து அவன் பாதத்தைத் தொட்டுப் பார்த்தாள். உடம்பெல்லாம் வெதுவெதுப்பாக இருக்க, உள்ளங்கால் இரண்டும் ஈரமாகச் சில்லிட்டிருந்தன. புல்லில் பனி மிதித்து வந்தவன் கால் மாதிரி இருந்தது. அவள் முந்தானையால் துடைத்துவிட்டாள், யாரிடமும் சொல்லவில்லை.

புதுப் பலகையோடு யாழ்ப்பாணத்து டாக்டர் பத்மநாதன் வந்தார், கொழும்பிலிருந்து ஒரு மிஷினும் வந்து சேர்ந்தது. தலையில் வயர்களை ஒட்டினால் மிஷினின் பேனாக்கள் ஓடும் தாளில் கோடு கோடாக எழுதும். மூளை விழித்திருக்கிறதா, தூங்குகிறதா என்று அது சொல்லுமாம். வார்டு ஆட்கள் அதற்குத் தலையெழுத்து மிஷின் என்று பெயர் வைத்துச் சிரித்தார்கள். கூடவே ஒரு கட்டளையும் வந்தது. குணமாகிறவர்களுக்குத்தான் இனி கட்டில். எந்தத் தூண்டுதலுக்கும் அசையாத மூளையுள்ளவர்களை மொனராகலைப் பக்கம் ஒரு அனாதை மடத்துக்கு லொறியில் அனுப்பிவிடுவார்கள். அங்கே போனவர்கள் ஒரு மாதம் தாங்கியதாக வேலாயி கேள்விப்பட்டதில்லை.

வீரய்யாவின் முறை வந்தது. தாதி கமலாதேவி அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். டாக்டரும் கூப்பிட்டார். கை தட்டினார், மணியடித்தார். பேனாக்கள் சோம்பேறித்தனமாக ஒரே மாதிரி ஊர்ந்தன.

"நீங்கள் கூப்பிட்டுப் பாருங்கோ, அம்மா" என்றார் டாக்டர்.

"என்னங்க... இந்தா பாருங்க, நான்தான் வந்திருக்கேன்" என்றாள் வேலாயி. அழுதாள், கெஞ்சினாள். ஒரு கோடும் திரும்பிப் பார்க்கவில்லை. எட்டு வருடம் கழுவித் துடைத்தவளின் குரலுக்கு அவ்வளவுதான் மரியாதை.

"பேரைச் சொல்லிக் கூப்பிடுங்கோவன்."

"அய்யய்யோ! பொண்டாட்டி பேர் சொன்னா புருசனுக்கு ஆயுசு கொறைஞ்சிரும், டாக்டரய்யா."

டாக்டர் பெருமூச்சு விட்டார். "அப்ப நான் என்ன செய்ய? லொறிக்கு எழுதத்தான் வேணும்." அவர் பேனாவைத் திறந்தார்.

அந்தப் பேனா தாளைத் தொடுவதற்குள் வேலாயி நிமிர்ந்தாள். அவள் கழுத்து நரம்பு புடைத்தது. வாயிலிருந்து கரகரத்த, தடித்த ஓர் ஆண்குரல் புறப்பட்டது.

"எலே வீரய்யா!"

அது அழகர் கங்காணியின் குரல். அவர் செத்து மூன்று வருடமாகியிருந்தது. கமலாதேவி கையிலிருந்த தட்டைக் கீழே போட்டாள். பேனாக்கள் ஒரே நேரத்தில் எகிறித் தாளைக் கிழிப்பதுபோல் கிறுக்கின.

கட்டில் தப்பியது. டாக்டர் அந்தத் தாளைச் சட்டம் போடாத குறையாகக் காட்டித் திரிந்தார். மாதம் ஒரு தரம் வேலாயி வந்து கூப்பிட வேண்டும் என்றார். அவளும் வந்து கூப்பிட்டாள். தன் குரலுக்கு அசையாதவன் அந்தப் பாவியின் அதட்டலுக்குத் துடிப்பதைப் பார்க்க அவளுக்கு எரிச்சலாகக்கூட இருந்தது. ஆனால் ஆள் லொறிக்குத் தப்பினானே, அது போதும் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

நாலைந்து மாதத்தில் வீரய்யா உருகத் தொடங்கினான். கஞ்சி உள்ளே போனது, சதை வைக்கவில்லை. முழங்கால் இரண்டும் விறைத்து நீட்டியபடி நின்றன. மழை பெய்யாத நாளிலும் அவன் தலைமயிர் நனைந்திருந்தது. பாதத்தின் ஈரம் இப்போது அஞ்சரையோடு போவதில்லை, பொழுது சாயும் வரை அப்படியே இருந்தது. புஹாரி நானா மறுபடி வலிப்பு வந்து எட்டாம் கட்டிலில் படுத்திருந்தார்.

"அம்மா, முந்தி அவர் போய்த் திரும்பி வருவார். இப்ப வாறதே இல்ல. அங்கயே நிக்கார்."

"எங்கங்க நிக்கிறாரு?"

"ஒரு மைதானம். மத்த ஆக்கள் எல்லாரும் போயிட்டாங்க. அவர் மட்டும் மழையில நிக்கார். யாரோ என்னமோ சொல்லட்டும் எண்டு பாத்துக்கிட்டு நிக்கார்."

புஹாரி நானா வாழ்நாளில் ஒரு தோட்டத்துக்கும் போனதில்லை. பெரட்டுக்களம் எப்படி இருக்கும் என்று அவருக்கு யார் சொன்னது? வேலாயி துடைப்பத்தைப் பிடித்தபடி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். தான் செய்த பிழை அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கங்காணியாகக் கூப்பிட்டாளே தவிர, ஒரு நாளாவது பேர் போட்டாளா? எந்த மலைக்குப் போ என்றாவது, வீட்டுக்குப் போ என்றாவது சொன்னாளா? கூப்பிட்டவனை நிற்க வைத்துவிட்டு மாதா மாதம் திரும்பி நடந்தாள். கட்டிலைக் காப்பாற்றுகிறேன் என்று புருசனை மழையில் நிறுத்தியவள் அவளேதான்.

அடுத்த முறை மிஷின் பார்க்கக் கொழும்பிலிருந்து பெரிய டாக்டர்கள் மூன்று பேர் வந்திருந்தார்கள். காலை பத்து மணி, நல்ல வெயில். இன்றைக்கு இவர்கள் நம்பும்படி கோடு எகிறினால் கட்டில் நிரந்தரம், இல்லையென்றால் லொறி என்று பத்மநாதன் காதோடு சொல்லி வைத்தார். வேலாயி தலையாட்டினாள். கட்டிலின் தலைமாட்டில் போய் நின்று தொண்டையைச் செருமினாள்.

"எலே வீரய்யா!"

பேனாக்கள் எகிறின. கொழும்பு டாக்டர்கள் குனிந்தார்கள். வழக்கமாக அவள் அதோடு நிறுத்திவிடுவாள். அன்று நிறுத்தவில்லை. அதே தடித்த குரலில், ஆனால் அழகர் கங்காணி உயிரோடு இருந்தபோது ஒருநாளும் காட்டாத கனிவோடு சொன்னாள்.

"வந்திட்ட. நான் பாத்துட்டேன். பேர் போட்டாச்சு வீரய்யா, முழுப்பேரு. வேலை விட்டாச்சு. வீட்டுக்குப் போ."

பேனாக்கள் ஒரு கணம் நடுங்கி நின்றன. பிறகு அகலமாக, நிதானமாக, ஏறி இறங்கத் தொடங்கின. விறைத்திருந்த முழங்கால் தளர்ந்தது. ஒன்பதாவது வருடமாகத் திறந்திருந்த கண்கள் தாமாக மூடிக்கொண்டன.

"நித்திரை கொள்ளுறார்" என்றார் பத்மநாதன்.

வேலாயி கட்டிலோரம் உட்கார்ந்தாள். கங்காணியின் குரல் அவளை விட்டுப் போயிருந்தது. "என்னங்க" என்றாள், வாய்க்குள்ளே. தாளில் ஒரு சின்னக் கோடு துள்ளி அடங்கியது.

எல்லாரும் அதைக் கண்டார்கள். "இன்னொருக்கால் கூப்பிடுங்கோ அம்மா, கெதியா!" என்று பத்மநாதன் பரபரத்தார். "முதல் எகிறினதை வெறும் அதட்டலுக்குத் துடிச்சது எண்டு தள்ளிப்போடுவினம். இதுவும் ஒருக்கால் பத்தாது. இவையள் நம்ப மாட்டினம். திரும்ப அசைஞ்சால் கட்டில் உங்களுக்குத்தான்."

எட்டு வருடத்துக்கு மேலாக அவள் காத்திருந்தது அந்தத் துள்ளலுக்குத்தான். அவள் வீரய்யாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு உதட்டின்மேல் விரலை வைத்து டாக்டர்களைப் பார்த்துத் தலையசைத்தாள்.

"சத்தம் போடாதீங்கய்யா. மனுசன் இப்பத்தான் வேலை விட்டு வந்து கண்ணசந்திருக்காரு."

கொழும்பு டாக்டர்கள் லொறிக்கு எழுதிவிட்டுப் போனார்கள். லொறி வருவதற்கு இரண்டு நாள் முன்பு, விடியற்காலையில், கண் திறக்காமலே வீரய்யா இறந்தான்.